மஞ்சள் வண்டிக்கு மூக்கு இரண்டு

மணி இரண்டு. நாலு மணிக்கு ஒரு டிரைவர் தான் செய்யாத குற்றத்துக்காகப் போலீஸ் ஜீப்பில் ஏறப் போகிறார். அவரைக் காப்பாற்றுவதாக வாக்குக் கொடுத்த நாங்கள் இரண்டு பேரும் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நின்றுகொண்டு, எங்களிடம் இல்லாத ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏர் ஃபில்டர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால் சர்வேயர் மேடமும் நானும். மேடம் இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, சொந்தக்காரன் சொல்வதில் எத்தனை பங்கு பொய் என்று எழுதிக் கொடுத்தவர். இப்போது அதே வேலையைச் சொந்தமாகச் செய்கிறார். நான் உதவியாளன். உயரத்துக்கும் ஒல்லிக்கும் சேர்த்து எனக்கு ஒட்டடை என்று பேர். ஒட்டடைக்குச்சியில் குச்சியை மட்டும் விட்டுவிட்டார்கள், அந்த அளவுக்கு மரியாதை.

விஷயம் இதுதான். மூன்று நாளைக்கு முன்னால், பிற்பகல் மூன்று மணிக்கு, சுண்ணாம்புச் சூளை ரோட்டில் சைக்கிளில் போன ஒரு தபால்காரரை ஒரு கார் தட்டிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அந்த ரோட்டில் வண்டி போனால் வெள்ளைப் புழுதி ஆள் உயரத்துக்கு எழும்பும். விழுந்தவர் கண்ணில் பட்டது மஞ்சள் நிறமும் தாழ்ந்த கூரையும்தான். இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். ஊரில் அப்படி ஒரு மஞ்சள் வண்டிதான் உண்டு. அது பன்னிரண்டு மாடிக் கட்டடம் ஒன்றின் முதலாளியுடையது. அவர் வெளியூரில். வண்டியைத் தொட டிரைவர் ஒருவருக்குத்தான் அனுமதி. மகளுக்கும் இல்லை, மாப்பிள்ளைக்கும் இல்லை.

அந்த டிரைவர், 'நான்தான் ஓட்டினேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, குடும்ப வக்கீலிடம் கொடுத்துவிட்டார். நாலு மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறார். காகிதம் அவர் கைக்குப் போனால் கதை முடிந்தது.

எங்களிடம் வந்தது டிரைவரின் மனைவி. தையல் வேலை செய்கிறவர். அன்றைக்கு மதியம் பன்னிரண்டிலிருந்து நாலரை வரை, ஒரு நர்ஸிங் ஹோமுக்கு நாற்பது திரைச்சீலை வெட்டினாராம். துணியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் புருஷன்தானாம். இதை வக்கீலிடம் போய்ச் சொன்னபோது, பக்கத்தில் இருந்த புருஷன் சொன்ன பதில்தான் அந்தம்மாவைக் கொன்றுவிட்டது.

"என் முகத்தைப் பார்த்து, 'என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லாதே'ன்னார்ங்க. பதினேழு வருஷத்துல என்னைப் பொய்க்காரின்னு அவர் சொன்னதே இல்ல. ஜெயிலுக்குப் போறதைக்கூடத் தாங்கிக்குவேன், இதை எப்படித் தாங்கறது?"

அவர் அழவில்லை. அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமலே வந்திருந்தார்.

காலையிலேயே அடித்தளத்தில் போய் வண்டியைப் பார்த்தோம். முன் பம்பரில் ஒரு நீளக் கீறல். மற்றபடி கழுவித் துடைத்து, குழந்தையைக் குளிப்பாட்டின மாதிரி இருந்தது. மேடம் டார்ச்சோடு இன்ஜினுக்குள் தலையை விட்டு, வலது பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டியின் கிளிப்பைத் தட்டித் திறந்தார். இன்ஜின் இழுக்கிற காற்றைச் சலித்து அனுப்பும் மடிப்புக் காகிதம், அதாவது ஏர் ஃபில்டர், புத்தம் புதுசாக இருந்தது. அதற்குள் மாப்பிள்ளை வந்து எங்களை மிக மரியாதையாக விரட்டிவிட்டார்.

புழுதி ரோட்டில் விபத்து. ஃபில்டர் மட்டும் புதுசு. மேடம் நேராக இந்தக் கடைக்கு வந்தார். வெளிநாட்டு வண்டிச் சாமான் விற்கிற கடை ஊரில் இது ஒன்றுதான்.

கவுண்டரில் இருந்தவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஸ்போர்ட்ஸ் கார் என் முகத்துக்கு ஒட்டவில்லை என்பது அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. இருந்தாலும் வியாபாரி. மூன்று டப்பாவை எடுத்து வைத்துப் பாடம் நடத்தினார். ஒன்று காகிதம், கம்பெனி போடுவது, அழுக்கானால் தூக்கிப் போட வேண்டியதுதான். இரண்டாவது எண்ணெய் தடவிய பஞ்சுத் துணி. கழுவிக் கழுவிப் போடலாம், இன்ஜின் நன்றாக உறுமும், பையன்கள் உயிரை விடுவார்கள். ஆனால் எண்ணெய் ஒரு சொட்டுக் கூடினால் உள்ளே இருக்கிற சென்சாருக்கு ஜலதோஷம் பிடித்துவிடும். மூன்றாவது ஸ்பாஞ்சு, அதை அவரே சிபாரிசு செய்யவில்லை.

"வர்றவங்க என்ன கேப்பாங்க?" என்றார் மேடம்.

எல்லாரும் கேட்பது மூன்றே கேள்விதானாம். எது வேகம், எது சத்தம், எது மலிவு. முந்தாநாள் மழையில் வந்த ஒரு ஆள் மட்டும் இந்த மூன்றையும் கேட்கவில்லை என்று அவராகவே ஆரம்பித்தார். மழைக்கோட்டு, ஹெல்மெட், கண்ணாடியைக்கூடத் தூக்கவில்லை. பழைய ஃபில்டரைப் பையிலிருந்து எடுத்துக் கவுண்டர்மேல் வைத்ததும், இவருடைய கறுப்பு ரப்பர் விரிப்பு முழுக்க மாவு கொட்டின மாதிரி வெள்ளைத் தூசி. திட்டிக்கொண்டே துடைத்தாராம்.

"ஆள் யாருன்னு சொல்ல முடியுமா?" என்றேன் நான்.

"முகம் எனக்கு நிக்காது தம்பி, ஃபில்டர் நிக்கும். ஹெல்மெட்டுக்குள்ள இருந்து கேட்டது ஒரே கேள்விதான். 'இதுல எது பழசு மாதிரியே இருக்கும்?' நான் காகிதத்தைக் கொடுத்தேன். ஒண்ணு போதும்னு வாங்கிட்டுப் போயாச்சு. அதுதான் எனக்கு இன்னும் புரியல. இந்த இன்ஜினுக்கு மூக்கு ரெண்டு. வலது ஒண்ணு, இடது ஒண்ணு. ரெண்டையும் சேர்த்துத்தான் மாத்துவாங்க. ரெண்டு மூக்குல ஒண்ணுல மட்டும் சளி பிடிக்குமா?"

மேடம் காகித ஃபில்டர் இரண்டு வாங்கினார். பில்லை என்னிடம் நீட்டினார். அவர் சம்பளம் கொடுக்கிற தேதி மாறும், பில்லை நீட்டுகிற பழக்கம் மாறாது.

வெளியே வந்ததும் நான் துள்ளினேன். இத்தனை வருஷம் அந்த வண்டியைப் பார்த்துக்கொண்ட டிரைவருக்கு மூக்கு இரண்டு என்று தெரியாதா? ஒன்று மட்டும் வாங்கினது வண்டியைப் பற்றி ஒன்றும் தெரியாத ஆள். ஆகவே டிரைவர் இல்லை. ஆகவே மாப்பிள்ளை. ஆகவே நாலு மணிக்கு முன்னால் வீட்டுக்குப் போகலாம்.

"பாதி சரி," என்றார் மேடம். "மறைச்சவங்க யாருன்னு தேடறே. மறைச்சவங்கதான் இடிச்சவங்கன்னு உனக்கு யார் சொன்னா?"

இப்படிப் பாதியில் நிறுத்துவதில் அவருக்கு அலாதி இன்பம். நான் ஸ்கூட்டரை உதைத்தேன்.

கட்டடத்துக்குப் போனபோது மணி மூன்று பத்து. நான் ஸ்கூட்டரை நிறுத்துவதற்குள் மேடம் லிஃப்ட்காரரோடு ஏதோ குசுகுசுத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை வரவேற்பறையில் எங்களை உட்காரவைத்து, தானே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஆளைப் பார்த்தால் அரிச்சந்திரனுக்கு அடுத்த வீடு. அவர் மனைவியை, அதாவது முதலாளியின் மகளைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம். அவள் அதிர்ச்சியில் இருக்கிறாள், யாரையும் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். டிரைவரைப் பார்க்க வேண்டும் என்றதும் கூடவே வந்தார். ஐம்பது வயசு டிரைவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, ஒரு துணிப்பையில் சோப்பும் துண்டும் எடுத்து வைத்துத் தயாராக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளையின் கை அவர் தோளின்மேல் ஏறி உட்கார்ந்தது. நாங்கள் பேசின ஐந்து நிமிஷமும் அந்தக் கை, காகிதம் பறக்காமல் வைக்கிற கல் மாதிரி அங்கேயே இருந்தது. டிரைவர் சொன்னதெல்லாம் ஒன்றுதான்: "நான்தான் ஓட்டினேன் மேடம். வேற யாரையும் கேக்காதீங்க."

ஓடிப்போனவனுக்கு ஒன்பதில் குரு, அகப்பட்டுக்கொண்டவனுக்கு அஷ்டமத்தில் சனி என்பார்கள். இவரோ சனியைத் தானே போய் அழைத்து வந்து மடியில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

மூன்றரை மணிக்கு வாசலில் வக்கீல் வந்துவிட்டார் என்று தகவல் வந்தது. மாப்பிள்ளை அவரை அழைத்து வர எழுந்தார். போகும்போது, இன்ஸ்பெக்டர் பார்ப்பதற்காக வண்டியை அடித்தளத்திலிருந்து மேலே கொண்டு வந்து நிறுத்தும்படி டிரைவரிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் மறைந்த அடுத்த நொடி மேடம் உள்வீட்டுப் போனை எடுத்தார். மகளிடம் பேசினார். வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேண்டும், அதை எடுத்துக்கொண்டு உடனே அடித்தளத்துக்கு வாருங்கள், இன்ஸ்பெக்டர் கேட்பார் என்று ஒரு பொய்யைக் கூசாமல் சொன்னார்.

டிரைவரோடு நாங்களும் அடித்தளத்துக்கு இறங்கினோம். அந்தக் கட்டடத்தில் கார்கள் மேலே வர சரிவுப் பாதை கிடையாது. கார் லிஃப்ட்தான். ஒரு கார் கொள்ளும் இரும்பு அறை. இரண்டு பக்கமும் மடங்குகிற இரும்புக் கதவு. காற்றுக்கு உச்சியில் ஒரு சாண் வலை. எனக்குச் சட்டையின் மேல் பட்டனைப் போட்டாலே மூச்சு முட்டும். படியில் வருகிறேன் என்றேன். மேடம் என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டார்.

டிரைவர் வண்டியை உள்ளே ஏற்றி நிறுத்தி இறங்கினார். அப்போதுதான் மகள் வந்தாள். இருபத்தைந்து வயசிருக்கும். சர்வீஸ் புத்தகத்தை மார்போடு அணைத்திருந்தாள். மூன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பெண்ணைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டவர் இந்த டிரைவர்தான் என்று தையல்காரம்மா சொல்லியிருந்தார். ஆனால் இருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர் தரையைப் பார்த்தார், அந்தப் பெண் கதவைப் பார்த்தாள். மேடம் அவளையும் உள்ளே கூப்பிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினார். வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நிற்க இடம். நான் ஒல்லியாகப் பிறந்ததற்கு முதல் தடவையாகக் கடவுளுக்கு நன்றி சொன்னேன்.

லிஃப்ட் முனகிக்கொண்டு கிளம்பியது. பத்தடி ஏறியிருக்கும். ஒரு குலுக்கல். நின்றுவிட்டது. விளக்கும் போய்விட்டது.

மூலையில் ஒரு சிவப்பு பல்பு மட்டும் எரிந்தது. டிரைவர் மணி பொத்தானை அழுத்தினார், சத்தமில்லை. வாயைக் குவித்து மேலே கூப்பிட்டார். லிஃப்ட்காரரின் குரல் எங்கிருந்தோ கேட்டது: கரண்ட் போய்விட்டது, ஜெனரேட்டர் ஆள் சாப்பிடப் போயிருக்கிறான், கொஞ்சம் பொறுங்கள். எனக்கு வியர்த்து ஊற்றியது. கதவில் காதை வைத்தேன், நெற்றியை வைத்தேன், கடைசியில் வாயையும் வைத்து வலையிலிருந்து இறங்குகிற காற்றைப் பிடிக்கப் பார்த்தேன். நாலு பேர், ஒரு கார், ஒரு சாண் காற்று. மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன், விடை பிடிக்கவில்லை.

மேடம் தலைவாரப் போகிற மாதிரி நிதானமாகப் பையைத் திறந்தார்.

"சும்மாதானே நிக்கறோம். டிரைவர் சார், இந்த வண்டிக்குப் புது ஃபில்டர் வாங்கிட்டு வந்திருக்கேன். காகிதம் வாங்கினது சரியா, பஞ்சு வாங்கியிருக்கணுமா?"

ஜெயிலுக்குப் போகிற மனுஷனிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனால் அவர் பதில் சொன்னார். காகிதம்தான் சரி என்றார். பஞ்சு பந்தய ஓட்டத்துக்கு. இந்த ஊர்த் தூசிக்குக் காகிதம்தான் பிடித்து நிறுத்தும். எண்ணெய் போட்டதை வாங்கினால் சத்தம் நமக்கு, தேய்மானம் இன்ஜினுக்கு என்றார். மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவர் முகம் தெளிந்திருந்தது.

"அப்போ மாத்திடுங்களேன்," என்றார் மேடம். நான் டார்ச்சைப் பிடித்தேன்.

வலது பெட்டியின் கிளிப்பைத் திறந்தார். மூடியைத் தூக்கினார். உள்ளே இருந்த புது ஃபில்டரைப் பார்த்தார். அதன் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். மூடியைச் சட்டென்று சாத்திவிட்டார்.

"இது புதுசுதான் மேடம். நான்தான் மாத்தினேன்."

"எப்போ?"

"முந்தாநாள்."

"ரெண்டையும் சேர்த்துத்தானே?"

"எப்பவும் ரெண்டையும் சேர்த்துத்தான்."

"அப்போ இடது பக்கத்தையும் திறந்து காட்டிடுங்க."

அவர் கை நகரவில்லை. நானே வண்டியின் மூக்கைச் சுற்றி நெளிந்து போய் இடது பெட்டியைத் திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில் காகித மடிப்பு முழுக்க வெள்ளைச் சுண்ணாம்புத் தூசி. விளிம்பில் நீல மையில், அழகான கையெழுத்தில், இருபது நாளைக்கு முந்தைய தேதி. ஃபில்டர் போட்டால் தேதி எழுதுவது அவர் வழக்கம். வலது பக்கத்துப் புதுசில் தேதியே இல்லை.

பின்னால் ஒரு குரல் கேட்டது.

"இன்னொண்ணு இருக்கா?"

கேட்டது மகள். கேட்டுவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான் டார்ச்சை அவள் பக்கம் திருப்பினேன். மழைக்கோட்டும் ஹெல்மெட்டும் என் கண்ணுக்குள் வந்து அந்தப் பெண்ணின்மேல் உட்கார்ந்தன. அவளிடம் சின்னக் கார் ஒன்று இருக்கிறது; அதற்கு ஃபில்டர் ஒன்றுதான்; அவளே வருஷா வருஷம் மாற்றிக்கொள்வாளாம். எல்லா வண்டியும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டாள். கடை வாசலில் நான் கட்டின மாப்பிள்ளைக் கொள்கை அங்கேயே செத்து விழுந்தது.

டிரைவர் இரண்டு கையையும் விரித்து அவளுக்கும் எங்களுக்கும் நடுவில் வந்து நின்றார். அவ்வளவு சின்ன இடத்தில் அது பெரிய காரியம்.

"பாப்பா, நீ எதுவும் பேசாதே. மேடம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. எழுதிக் கொடுத்துட்டேன், நான் போறேன், முடிஞ்சுது."

"எனக்குத் தெரியும் அண்ணா," என்றாள் அவள். "நீங்கதான்னு தெரிஞ்சுதானே மாத்தினேன். அந்த ரோட்டுத் தூசியைப் பார்த்து உங்களைப் பிடிச்சுடுவாங்கன்னு பயந்து, நானே போய் வாங்கிட்டு வந்து மாத்தினேன். அப்புறமும் நீங்களே எழுதிக் கொடுத்துட்டீங்க."

"எனக்காகவா?" டிரைவர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஓட்டினதுக்கு என்னை எப்படிப் பிடிப்பாங்க?"

"நான் ஓட்டினேனா?"

மூச்சு முட்டுவதைக்கூட நான் மறந்துவிட்டேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தபடி நின்றார்கள். மூன்று நாளில் முதல் தடவையாகப் பார்த்துக்கொள்கிறார்கள்.

மேடம் மெதுவாகத்தான் கேட்டார். "பாப்பா ஓட்டினான்னு உங்களுக்கு யார் சொன்னது? டிரைவர் ஓட்டினார்னு உனக்கு யார் சொன்னது?"

பதில் இரண்டு பக்கமிருந்தும் வந்தது. டிரைவருக்குச் சொன்னது மாப்பிள்ளை. அன்று ஐந்து மணிக்கு வேலைக்கு வந்தவரை அடித்தளத்திலேயே மறித்து, கண்ணீரோடு சொன்னாராம்: உங்கள் பாப்பா ஒருவரை இடித்துவிட்டாள், நடுங்கிக்கொண்டிருக்கிறாள், அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடாதீர்கள், உயிரை விட்டுவிடுவாள். மகளுக்குச் சொன்னதும் மாப்பிள்ளைதான். பல் டாக்டரிடம் உட்கார்ந்திருந்தவளுக்குப் போன் பண்ணி: டிரைவர் ஒருவரை இடித்துவிட்டார், கூனிக் குறுகிப்போயிருக்கிறார், நீ ஒரு வார்த்தை கேட்டுவிடாதே, ஏதாவது செய்துகொண்டுவிடுவார்.

"போன் எத்தனை மணிக்கு வந்தது?"

அவள் கைபேசியை எடுத்துப் பார்த்தாள். மூன்று முப்பத்திரண்டு.

"தபால்காரர் ரோட்டோரத்துல கிடந்ததைச் சூளை ஆட்கள் பார்த்தது அஞ்சரைக்கு," என்றார் மேடம். "போலீசுக்குத் தெரிஞ்சது ஆறு மணிக்கு. மூணரைக்கு இப்படி ஒரு விபத்து நடந்திருக்குன்னு இந்த ஊர்ல ரெண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருத்தர் கீழே கிடந்தார். இன்னொருத்தர் யாரு?"

அந்தப் பெண் வண்டியின் கூரைமேல் கையை ஊன்றிக்கொண்டாள். மூன்று நாளாகத் தன் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தார் என்றாள். அன்பு என்று நினைத்தாளாம். பாத்ரூம் போனால்கூட வாசலில் நிற்பாராம். சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். அருவருப்பாக இருக்கிறது என்றாள்.

குட்டு உடைந்துவிட்டது, வேலை முடிந்தது என்று நான் டார்ச்சை அணைக்கப் போனேன். அப்போது டிரைவர் சொன்னதைக் கேட்டு எனக்கு உச்சந்தலை கொதித்தது.

"இருக்கட்டும் பாப்பா. அவர் உன் வீட்டுக்காரர். அப்பா ஊர்ல இல்லாத நேரத்துல குடும்பம் சந்தி சிரிக்க வேண்டாம். எனக்கென்ன, போயிட்டு வந்துடறேன். வருஷம் ஓடறது தெரியாது."

லிஃப்ட் நின்றது பெரிதில்லை. இந்த மனுஷன் பூட்டிக்கொண்ட அறைக்கு ஜெனரேட்டரே கிடையாது. நான் வாயைத் திறந்தால் ஜோக்குதான் வரும் என்று ஊருக்கே தெரியும். அன்று ஜோக்கு வரவில்லை.

"போயிட்டு வாங்க," என்றேன். "உங்க வீட்டுல அந்தம்மா இன்னிக்குக் காலைல எங்க படியேறி வந்தாங்க. நீங்க ஜெயிலுக்குப் போறதுக்கு அவங்க அழல. நீங்க அவங்களைப் பொய்க்காரின்னு சொன்னதுக்குத்தான் நொந்துபோயிருக்காங்க. இந்தக் குடும்பத்து மானத்தைக் காப்பாத்த உங்க சம்சாரத்தோட மானத்தை எடுத்துக் கொடுத்திருக்கீங்க. அது உங்களுதா, எடுத்துக் கொடுக்கறதுக்கு?"

டிரைவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அவர் அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு குலுங்கினார். அந்தப் பெண் இடுக்கில் நுழைந்து அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "நான் சொல்லிடறேன் அண்ணா, நீங்க மட்டும் பொய் சொல்லாம இருங்க," என்றாள். மாற்றின பழைய ஃபில்டர் தன் அலமாரியில்தான் இருக்கிறது என்றும் சொன்னாள்.

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று ஐம்பத்தாறு. கதவை மூன்று தடவை தட்டினார். உடனே விளக்கு வந்தது. லிஃப்ட் முனகிக்கொண்டு ஏறத் தொடங்கியது.

எனக்குப் புரிய மூன்று விநாடி ஆனது. கரண்ட் போகவே இல்லை. ஜெனரேட்டர் ஆள் சாப்பிடவும் போகவில்லை. வந்ததும் வராததுமாக லிஃப்ட்காரரோடு மேடம் குசுகுசுத்தது இதற்குத்தான். மாப்பிள்ளை இந்த இரண்டு பேரை மூன்று நாளாகச் சேரவிடவில்லை. சேர்ந்தால் அவர் கதை அவிழ்ந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் அவர் கை எட்டாத ஒரே இடத்தில் மேடம் இரண்டு பேரையும் சேர்த்து அடைத்துவிட்டார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மேடம்? அரை உயிர் போயிடுச்சு."

"சொல்லியிருந்தா உனக்கு வேர்த்திருக்காது. உன் வேர்வையைப் பார்த்துத்தான் அவங்க நம்பினாங்க."

கதவு மடிந்து திறந்தது. வெளிச்சம் கண்ணில் அடித்தது. எதிரே வக்கீல் கையில் காகித உறையோடு நின்றார். பக்கத்தில் இன்ஸ்பெக்டர். நடுவில் மாப்பிள்ளை. கட்டின மனைவி இருபது நிமிஷம் லிஃப்டில் மாட்டிக்கொண்டு வெளியே வருகிறாள். நடுவயசு டிரைவர் அழுது வீங்கின முகத்தோடு வருகிறார். மாப்பிள்ளையின் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தை, 'அடி பட்டதா' இல்லை, 'பயந்துட்டியா' இல்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஏன் ஒண்ணா இருக்கீங்க?"

வக்கீல் மெதுவாகத் திரும்பி அவரைப் பார்த்தார். இன்ஸ்பெக்டரும் பார்த்தார். தான் சொன்னது காதில் விழுந்ததும் மாப்பிள்ளை சிரிக்க முயன்றார். மனைவியின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினார். அவள் அந்தக் கையைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், கைபேசியை இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தாள். மூன்று முப்பத்திரண்டு என்று மட்டும் சொன்னாள். மிச்சத்தை மேடம் சொன்னார். நான் இடது பக்கத்து ஃபில்டரை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, தூசி சிந்தாமல் நின்றேன்.

வக்கீல் உறையைப் பிரித்துக் காகிதத்தை டிரைவரிடம் நீட்டினார். இது உங்கள் கையெழுத்துதானே, இதில் இருப்பது உண்மையா என்று கேட்டார்.

"கையெழுத்து என்னுது. நான் ஓட்டல."

அதைச் சொல்ல அவருக்கு எவ்வளவு நேரம் பிடித்தது என்று எனக்குத்தான் தெரியும். பக்கத்தில் நின்று மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்.

இன்ஸ்பெக்டர் மாப்பிள்ளையைக் கொஞ்சம் தள்ளி அழைத்துப் போனார். தோளில் கை போட்டுத்தான் அழைத்துப் போனார். டிரைவர் என்னிடம் வந்து, போன் கொடுக்க முடியுமா தம்பி என்று கேட்டார். தன் போனை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார், ஜெயிலுக்கு எதற்கு என்று. நான் நம்பரைப் போட்டுக் கொடுத்தேன். மறுமுனையில் தையல் மிஷின் ஓடுகிற சத்தம் எனக்கே கேட்டது.

"நான்தான்," என்றார். மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது. "அன்னிக்கு மூணு மணிக்கு நான் வீட்டுலதான் இருந்தேன். உன் பக்கத்துல, துணியைப் பிடிச்சுக்கிட்டு."

மிஷின் நின்றது.

"அதைத்தானே நானும் மூணு நாளா சொல்றேன்," என்றார் அந்தம்மா. "கிளம்பி வாங்க."